பின்னால் எடுக்கத் தெரிந்தவன்

அத்தியாயம் 7

குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒருவன் தயாராக நிற்கும்போது துப்பறிகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஜெயன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். தம்பானூர் லாட்ஜ் மாடியில் இருந்த அவர்களுடைய ஒற்றை அறை ஆபீஸில், அவன் முதலாளி உலகம்மை பொட்டலத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இசக்கிசெல்வி, வாங்கி வைத்த சாயாவைத் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம், பொன்முடி மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், இசக்கிசெல்வியின் புருஷன் பிச்சைக்கனியை ஒரு சிவப்பு கார் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை சுமந்த மனிதன் இப்போது கால் முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடித்தது கூரையில்லாத பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். அந்தச் சிவப்பில் அப்படியொரு கார் இந்த ஊரில் ஸ்ரீவராகம் ஸ்ரீகண்டனிடம் மட்டும்தான் உண்டு. அவர் பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தின் தலைவர். ஆனால் அவர் வியாழக்கிழமையே எர்ணாகுளம் போய்விட்டாராம். ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்த கார் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பியதாம். முதலாளி இல்லாத தைரியத்தில் நான்தான் எடுத்து ஓட்டினேன் என்று வீட்டு டிரைவர் வேலப்பன் ஆஸ்பத்திரிக்கே வந்து அழுதுவிட்டுப் போனான். இன்று மத்தியானம் போலீஸ் காரை எடுக்க வருகிறது. காரோடு வேலப்பனும் உள்ளே போகிறான்.

"அழுதான் அல்லே? பிறகென்ன?" என்றான் ஜெயன்.

"அழுதது நெசந்தான்" என்றாள் இசக்கிசெல்வி. "ஆனா எங்க வீட்டாளு காலுக்காவ அழல. தன் பாட்ட நெனச்சு அழுதாரு. பக்கத்துல நின்னு பாத்தவ நானு, எனக்குத் தெரியாதா? மறுநாளு அந்தப் பெரிய வீட்டுலேருந்து ஒரு கவரு வந்துச்சு. பிரிக்காம திருப்பி அனுப்பிட்டேன்."

"அதுல என்ன இருந்திச்சுன்னு பாத்துட்டாவது அனுப்பியிருக்கலாமே."

"பாத்தா கை நீளும் தம்பி. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இடிச்சவன் வந்து எங்க வீட்டாளு மூஞ்சியப் பாத்து, நான்தான் இடிச்சேன்னு சொல்லணும். வேற ஆளு வந்து சொன்னா அது எனக்கு வேண்டாம்."

ஜெயனுக்கு நாக்கில் ஒரு கேலி தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். அவனுக்கு அது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

உலகம்மை விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரு ஆளைப் பாக்கலியா?"

"பனியில எங்க பாக்க? தலையில தொப்பி, கழுத்துல மப்ளரு. ஆனா ஒண்ணு சொன்னாவ. இடிச்ச வேகத்துல காரு மூக்கு மண்திட்டுல முட்டி நின்னுட்டாம். நின்ன கையோட ஒரே இழுப்புல பின்னால வந்து, திரும்பி, கீழ எறங்கிப் போயிட்டாம். ஒரு கரகரப்பு கூட கேக்கலியாம்."

உலகம்மை எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களைப் பார்த்து அறிக்கை எழுதியவள். ஒரு பெரிய மனிதருக்காக அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னபோது, பேனாவை மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்தவள். அந்த வேகம் இன்னும் அவளுக்குக் குறையவில்லை.

"பழைய வண்டி, பழக்கமில்லாத டிரைவர், பனி, அடிபட்டு ஒருத்தன் கீழ கெடக்கான். அந்தப் பதற்றத்துல கரகரப்பு இல்லாம ரிவர்ஸ் எடுத்திருக்கான். அது யாருன்னு தெரியணும்."

"நான் சொல்லட்டா அக்கா? ஸ்ரீகண்டன் மகன். கிரீஷுன்னு ஒரு பயல் உண்டு. பணக்கார வீட்டுப் பையன் இடிப்பான், பாவப்பட்ட டிரைவர் ஏத்துக்கிடுவான். இதுக்குப் போயி மூளை எதுக்கு? மத்தியானச் சோறு பந்தயம்."

"உன் சோறு எனக்கு வேண்டாம். ஒரு ஆட்டோ பிடிச்சு இவங்களையும் கூட்டிட்டு வா. ஒர்க்‌ஷாப்புல ஆரம்பிக்கலாம்."

*

ஒர்க்‌ஷாப் என்றால் கரமனை ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வன்னியராஜும் தம்பி லிங்கராஜும் நடத்துவது. அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். தம்பி மட்டும் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். எம்.ஜி. கார் என்றதும் அவன் வெளியே வரவே யோசித்தான்.

"சும்மா சர்வீஸ்தான். ஆயில் மாத்தினோம், ப்ரேக் பாத்தோம். அவ்ளோதான்."

உலகம்மை அவனை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சுற்றிவந்தாள். வாசலில் முன்பக்கம் நசுங்கிய கான்டசா ஒன்று செங்கல் மேல் நின்றது. குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்த்தாள். பிறகு உள்மூலையில், சாக்கின் மேல் கழுவித் துடைத்து பாலிதீன் போட்டு மூடியிருந்த ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"இங்க ஒரு வண்டிக்கு கியர்பாக்ஸ் இல்ல. ஒரு கியர்பாக்ஸுக்கு வண்டி இல்ல" என்றாள். "லிங்கராஜு, இது யாருக்கு உள்ளது?"

"அது... அம்பாசிடருக்கு உள்ளது மேடம்."

"அம்பாசிடருக்கு லிவர் ஸ்டியரிங் பக்கத்துல அல்லவா வரும்? இதுல நடுவுல நட்டமா நிக்கதுக்கு ஓட்டை இருக்கு. எம்.ஜி. எஞ்சினும் அம்பாசிடர் எஞ்சினும் ஒரே வம்சம், பங்காளி மாதிரி. ஆனா லிவர் மட்டும் வேற இடம். இந்த ஊருல நடுவுல லிவர் வெச்ச பங்காளி எத்தனை பேரு இருக்காங்க?"

லிங்கராஜ் துணியில் கையைத் துடைத்தான். அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஸ்ரீகண்டன் சாரு அண்ணங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு மேடம். வெளிய தெரிஞ்சா அவரு மானம் போயிருமாம்."

"மானமா?" என்றான் ஜெயன். "ஒரு கியர்பாக்ஸுக்குள்ளயா அத வெச்சிருக்காரு?"

இசக்கிசெல்வி அதுவரை கொட்டகை வாசலிலேயே நின்றாள். இப்போது உள்ளே வந்தாள். "எந்த ஊரு தம்பி நீங்க?"

"களக்காட்டுக்குப் பக்கம்க்கா."

"எங்களுக்கு வள்ளியூரு. அந்தக் காரு இடிச்சுக் கெடக்கது எங்க வீட்டாளுதான். அவரு மானம் பெருசா, எங்க வீட்டாளு காலு பெருசான்னு நீங்களே ரோசிச்சுச் சொல்லுங்க."

லிங்கராஜ் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. விஷயம் கொட்டியது. கார் சங்கத்தில் ஸ்ரீகண்டன் பெரிய ஒரிஜினல்காரர். கண்ணாடி மாற்றினான், ஸ்க்ரூ மாற்றினான் என்று எத்தனையோ பேருடைய கார்களை ஊர்வலத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பியவர். அவருடைய சொந்தக் காரோ நாலு கியரில் பொன்முடி ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கிச் சமதளத்தில் விட்டால் எஞ்சின் கிடந்து கத்தியது. அதனால் ரகசியமாக, நொறுங்கிய கான்டசாவின் ஐந்து கியர் பெட்டியைக் கழற்றி இதில் மாட்டச் சொன்னார். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு கடைந்து வைத்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து லேத்தில் கொடுத்து நேராக்கினார்கள். லிவர் பழைய ஓட்டை வழியாகவே வர வேண்டும் என்று கேஸ் நெருப்பில் சுட்டு வளைத்தார்கள்.

"மேல குமிழு மட்டும் பழசு. நாலு கியர் படம் போட்டது. அத மாத்த விடல" என்றான். "அந்தப் படத்த நம்பி, ரிவர்ஸுன்னு எடது பக்கம் கீழ இழுத்தா செகண்டு விழும். வண்டி முன்னால பாயும்."

"அப்ப ரிவர்ஸ் எங்க இருக்கு?"

"வலது ஓரம், கீழ. அதும் சும்மா போவாது. லிவர வளைச்சதுனால அண்ணன் உள்ள ஒரு ஸ்பிரிங்கு வச்சிருக்காவ. உள்ளங்கையால குமிழ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளணும். அமுக்காம இழுத்தா பல்லோட பல்லு உரசும். அதான் அண்ணன் கைப்பாடம் கொடுக்காம சாவியக் கொடுக்க மாட்டாவ. சாவி வாங்குதவங்க கை மேல தன் கைய வச்சு, கண்ண மூடச் சொல்லி, எல்லா கியரையும் போட வைப்பாவ. கை பழகுன பிறவுதான் சாவி."

ஜெயன் விசிலடித்தான். உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "வெள்ளிக்கிழமை அந்தப் பாடம் யாருக்குக் கெடச்சுது?"

"தெரியாது மேடம். அண்ணன்தான் வண்டிய ஸ்ரீவராகத்துல கொண்டு விட்டாவ. விட்ட கையோட தம்பானூர் போயி பஸ் ஏறிட்டாவ. ஊருல கோயில் கொடை. கொடை முடியுமட்டும் எஸ்.டி.டி. பூத்துக்காரன்கூடக் கடையத் திறக்க மாட்டான்."

வெளியே வந்ததும் ஜெயன் கையைத் தேய்த்துக்கொண்டான். "கைப்பாடம் படிச்சது கிரீஷ்தான். வன்னியராஜ் வரட்டும், கேட்டாப் போச்சு."

"அவரு வருததுக்குள்ள வேலப்பன் கையெழுத்துப் போட்டு உள்ள போயிருவான். பிறகு ஊரே கூடி வந்து சொன்னாலும் கேஸ் அசையாது" என்றாள் உலகம்மை. "கையில இருக்க பாடத்த வாயால மறைக்கலாம். வண்டியில ஏத்தி விட்டா மறைக்க முடியுமா, பாக்கலாம்."

*

ஸ்ரீவராகத்தில் அந்த வீட்டை ஒட்டி ஒரு முட்டுச்சந்து, சந்தின் கோடியில் கார் ஷெட். சிவப்புக் கார் சுவரைப் பார்த்து நின்றது. வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் பின்னால்தான் எடுக்க வேண்டும். இரண்டு போலீஸ்காரர்களோடு வந்திருந்த எஸ்.ஐ. சந்து நிழலில் நின்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். காருக்கு அருகில் காக்கிச் சட்டையில் வேலப்பன், தலையைக் குனிந்தபடி. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்ரீகண்டனின் அவுட்ஹவுஸில்தான் அவன் குடும்பம் இருந்தது. வாசல்படியில் கிரீஷ், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவன் பார்வையே சரியில்லை என்று ஜெயன் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

ஸ்ரீகண்டன் நல்ல உயரம், வெள்ளை வேஷ்டி, குரலில் ஒரு தோரணை. "இவாள்லாம் யாரு?"

"புகார் கொடுத்தது இவங்க. வண்டியைப் பாக்க வந்திருக்காங்க. நாங்க அவங்களுக்குத் துணை. துப்பறியும் ஆபீஸ்" என்றாள் உலகம்மை.

"துப்பறியறேளா? நம்மூர்ல அதெல்லாம் இருக்கா என்ன?"

"போர்டு சின்னது சார், அதான் கண்ணுல படல" என்றான் ஜெயன்.

உலகம்மை காரைச் சுற்றி நடந்தாள். "அழகான வண்டி. எத்தனை கியர் சார்?"

"நாலு" என்றார் ஸ்ரீகண்டன், கண்ணே சிமிட்டாமல். "அறுபத்துமூணுல பாக்டரில என்ன வெச்சானோ அதேதான். ஒரு ஸ்க்ரூ மாத்தினதில்லை."

"ஒர்க்‌ஷாப்புலேருந்து வந்த பிறகு ஓட்டிப் பாத்தீங்களா?"

"எங்க ஓட்டறது? எர்ணாகுளத்துலேந்து இன்னிக்குக் காலம்பறதான் வந்து இறங்கினேன். இன்னும் அதும்மேல கையைக்கூட வெக்கலை. எஸ்.ஐ. சார், நாழியாறதே. உங்க ஆட்களை விட்டுத் தள்ளச் சொல்லுங்கோ."

"எதுக்குத் தள்ளணும்?" என்றாள் உலகம்மை. "பொன்முடி வளைவுல, பனியில, ஒரே இழுப்புல பின்னால எடுத்த மனுஷன் இங்கதானே நிக்காரு. இந்தச் சந்துலேருந்து எடுக்க மாட்டாரா?"

எஸ்.ஐ.க்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. "வேலப்பா, கேறி வண்டி எடு. சீக்கிரம்."

வேலப்பன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். தாழ்ந்த கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, குமிழின் மேலிருந்த படத்தைக் குனிந்து படித்தான். இடது பக்கம் கீழே இழுத்து கிளட்சை விட்டான். கார் முன்னால் பாய்ந்து சுவரில் முட்டி நின்றது.

"பதறாம எடு" என்றார் எஸ்.ஐ. அதே இடம், அதே பாய்ச்சல், சுவரிலிருந்து பூச்சு உதிர்ந்தது. மூன்றாவது தடவை எங்கெங்கோ தள்ளிப் பார்த்தான். பெட்டிக்குள் பல்லும் பல்லும் கடித்துக் கதறின. ஸ்ரீகண்டன் தன் காலை யாரோ மிதித்ததுபோல முகத்தைச் சுருக்கினார்.

ஜெயன் உலகம்மையின் காதில் சொன்னான். "இப்ப நம்ம மாப்பிள்ளை கிரீஷை ஏத்துங்க. சோறு எனக்குத்தான்."

அவள் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பொறுமை போன எஸ்.ஐ. வாசல்படியைப் பார்த்து, "மோனே, நீ ஒண்ணு எடுத்து வெளியில விடு" என்றார். கிரீஷ் வந்து உட்கார்ந்தான். அவனும் படத்தைப் படித்தான். அவனும் சுவரில் முட்டினான். பிறகு வலது பக்கம் இழுத்தான். குமிழை அமுக்க வேண்டும் என்று தெரியாததால் கார் எழுப்பிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பையனுக்குக் காது சிவந்துவிட்டது. பொய்யாகத் தடுமாறுகிறவனின் முகம் அல்ல அது. ஜெயனின் மத்தியானச் சோறு அந்த இடத்திலேயே பறிபோனது. அப்படியானால் யார்தான் என்று அவனுக்குத் தலை சுற்றியது.

கிரீஷ் விடாமல் இன்னொரு தடவை இழுத்தான். பல்லைக் கடிக்கிற சத்தம் நீண்டுகொண்டே போனது.

"ஐயோ, விடுடா, பல்லெல்லாம் போயிடும்" என்றார் ஸ்ரீகண்டன். இரண்டே எட்டில் இடது பக்கக் கதவுக்கு வந்து உள்ளே சாய்ந்தார். "கிளட்சை முழுக்க மிதி." அவருடைய உள்ளங்கை குமிழின் மேல் படிந்து அமுக்கியது. வலது ஓரம் போயிற்று, கீழே இறங்கியது. சின்னதாக ஒரு 'டக்', அவ்வளவுதான். "இப்ப விடு."

கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பின்னால் வந்து, சந்தின் வெயிலில் நின்றது. கார் அருமையாக வந்துவிட்ட திருப்தியில் அவர் முகம் மலர்ந்திருந்தது. கையை இன்னும் குமிழிலிருந்து எடுக்கவில்லை.

"எர்ணாகுளத்துல இதெல்லாம் சொல்லித் தாராங்களா சார்?" என்றாள் உலகம்மை.

அவர் கையை எடுத்தார். காலம் கடந்துவிட்டிருந்தது.

"எஸ்.ஐ. சார், இந்த வண்டிக்கு அஞ்சு கியர். புதுப்பெட்டி. ரிவர்ஸ் போடற வித்தை வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல சாவி வாங்கின ஒரே ஒரு கைக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. சொல்லிக் கொடுத்த வன்னியராஜ் அன்னைக்கே ஊருக்கு பஸ் ஏறிட்டாரு. டிரைவருக்குத் தெரியல. மகனுக்குத் தெரியல. வியாழக்கிழமையே ஊரை விட்டுப் போயி, வண்டி மேல இன்னும் கை வெக்காத மனுஷனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"வன்னியராஜ் போன்ல சொன்னான்."

"நாலு கியர்னு இப்பத்தானே சொன்னீங்க. இல்லாத அஞ்சாவது கியரையுமா அவரு போன்ல சொன்னாரு?"

கிரீஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, ஊர்ல எல்லாரும் என்னைத்தானே சந்தேகப்பட்டா. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான்.

ஸ்ரீகண்டன் குரலை உயர்த்தினார். "என்ன கூத்து இது? கியர் போட்டதுக்கு ஒரு மனுஷனைக் குத்தவாளி ஆக்கறதா? ஒத்துண்டவன் இதோ நிக்கறான். வேலப்பா, சொல்லுடா, ஓட்டினது யாரு?"

எல்லோரும் வேலப்பனைப் பார்த்தார்கள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்தாலும் இந்த ஒரு மனிதன் தலையை ஆட்டிவிட்டால் எல்லாம் தண்ணீரில் கரைத்த உப்பு. அவன் குடியிருப்பது அவர் கொடுத்த வீடு, தின்பது அவர் கொடுத்த சோறு. எப்படி மறுப்பான்?

இசக்கிசெல்வி அவன் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நீங்க இடிக்கலன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டாளுக்கும் தெரியும். நீங்க உள்ள போனா எங்களுக்கு நியாயம் கெடச்ச மாதிரி ஊரு பேசும். அந்த நியாயம் எங்களுக்கு வேண்டாம். நான் கவரத் திருப்பி அனுப்பினவ. நீங்க மட்டும் எதுக்கு வாங்கிக்கிடுதிய?"

வேலப்பன் நிமிர்ந்தான். அவன் நிமிர்ந்தால் ஸ்ரீகண்டனைவிட உயரம் என்பது ஜெயனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஞான் ஓட்டல சாரே" என்றான் எஸ்.ஐ.யிடம். "இந்த வண்டியில இன்னைக்குத்தான் ஆத்யமா ஏறினேன். சனிக்கிழமை எடுத்துட்டுப் போனதும் இவருதான், தொப்பியும் மப்ளருமா பனியில நனைஞ்சு திரும்பி வந்ததும் இவருதான். கேட் தொறந்து விட்டது ஞான். எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்."

"அவுட்ஹவுஸ் ஞாபகம் இருக்கட்டும்" என்றார் ஸ்ரீகண்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னைக்கே காலி பண்ணித் தாரேன். கள்ளம் சொல்லிக்கிட்டு அதுல படுத்தா ஒறக்கம் வராது."

எஸ்.ஐ. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "சாரே, வண்டி ஸ்டேஷனுக்கு வந்து சேரணும். இங்க எடுக்கத் தெரிஞ்ச ஆள் ஒராளே உள்ளு. கேறிக்கோ" என்றார்.

கிரீஷ் இறங்கி வழிவிட்டான். ஸ்ரீகண்டன் சந்து முழுவதையும், திறந்திருந்த ஜன்னல்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். இடது பக்க இருக்கைக்கு ஒரு போலீஸ்காரர் நகர்ந்தார். அவருக்கு முன்னால் இசக்கிசெல்வி கதவைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி வழியாப் போங்க" என்றாள் அவரிடம். "எங்க வீட்டாளு முழிச்சுத்தான் கெடப்பாவ. அவுகட்ட சொல்லிட்டு, பிறவு ஸ்டேஷனுக்குப் போவலாம்."

ஸ்ரீகண்டன் எஸ்.ஐ.யைத் திரும்பிப் பார்த்தார். எஸ்.ஐ. ஜீப்பில் ஏறி, ஆஸ்பத்திரிப் பக்கம் விடச் சொன்னார்.